ஆய்வுக் கட்டுரையை யார் படிக்கிறார்கள்?

தமிழ்நாட்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஸ்காலர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வகைச் செய்தி ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. மேலே ஓர் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பு. கீழே முதல் ஆசிரியர், இரண்டாம் ஆசிரியர், மூன்றாம் ஆசிரியர் என்று வரிசையாக இடங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே ஒரு தொகை. விற்றுப்போன இடத்துக்கு நேரே ‘புக்டு’ என்ற குறிப்பு. ‘ஸ்கோபஸ் இதழ், அக்செப்டன்ஸ் கேரண்டி, ஆறே வாரம்’ என்று ஒரு வரி. அடியில் ஒரு கைப்பேசி எண். பணத்தைப் போட்டுவிட்டால், அந்தக் கட்டுரையில் என்ன இருக்கிறது என்றே தெரியாத ஒருவர் அதன் ஆசிரியராகிவிடலாம். அதைக் காட்டி முனைவர் பட்டம் வாங்கலாம். பட்டம் ஏற்கெனவே இருந்தால் பதவி உயர்வு வாங்கலாம். பிறகு அவரே கைடாகி அடுத்த தலைமுறை ஸ்காலர்களுக்கு வழிகாட்டுவார்.

எங்கோ ஓரத்தில் நடக்கும் சில்லறை ஏமாற்று என்று இதை இனியும் ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்க தேசிய அறிவியல் அகாதெமியின் பிஎன்ஏஎஸ் இதழில் 2025 ஆகஸ்டில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். உலகில் வெளியாகும் ஆய்வுக் கட்டுரைகளின் மொத்த எண்ணிக்கை இரட்டிப்பாக ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆகின்றன. பணத்துக்குக் கட்டுரை தயாரித்து விற்கும் கட்டுரை ஆலைகளில் உற்பத்தியானவை என்று சந்தேகிக்கப்படும் கட்டுரைகளோ ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகின்றன. இந்த வணிகம் எப்படி நடக்கிறது என்று காட்ட அந்த ஆய்வு கூர்ந்து அலசிய அமைப்புகளில் ஒன்று சென்னையிலிருந்து இயங்குவது. ஓர் இதழை ஸ்கோபஸ் போன்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்திலிருந்து நீக்கினால், அந்த அமைப்பின் பட்டியலில் அந்த இதழ் மறைந்து வேறோர் இதழ் ஏறிவிடுகிறது. கடையை மூட மூட அது அடுத்த தெருவில் திறக்கிறது.

ராமானுஜனையும் சி.வி. ராமனையும் உலகுக்குத் தந்த ஊர், ஆய்வு மோசடியைப் பற்றிய கட்டுரையில் எடுத்துக்காட்டாக இடம்பெறுவதைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. ஆனால் வருத்தப்படுவதோடு நின்றால் பயனில்லை. இந்தச் சந்தையைத் தரகர்கள் உண்டாக்கவில்லை. விதிமுறைகள் உண்டாக்கின. தரகர்கள் அதில் கடை போட்டார்கள், அவ்வளவுதான்.

முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் குறைந்தது ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2009இல் விதித்தது. அடுத்த ஆண்டே ஆசிரியர்களின் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் புள்ளிக்கணக்கு வந்தது. கட்டுரைக்கு இத்தனை, புத்தகத்துக்கு இத்தனை, கருத்தரங்குக்கு இத்தனை என்று மதிப்பெண் போடத் தொடங்கினார்கள். 2018 விதிமுறைப்படி இணைப் பேராசிரியர் பணிக்கு 7 கட்டுரைகள், பேராசிரியர் பணிக்கு 10 கட்டுரைகள் வேண்டும். 2016 முதல் மத்திய அரசு வெளியிடும் என்ஐஆர்எஃப் தரவரிசையில் பல்கலைக்கழகங்களுக்கும் பொறியியல் கல்லூரிகளுக்கும் ஆய்வுக்கென்று 30 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. தரவரிசையில் முன்னேறினால் சேர்க்கை பெருகும். சேர்க்கைதான் தனியார் கல்லூரிகளின் வருமானம். ஆகவே நிர்வாகம் துறைத்தலைவரை நெருக்கியது, துறைத்தலைவர் உதவிப் பேராசிரியரை நெருக்கினார், அவர் ஸ்காலரை நெருக்கினார். பேப்பர் இல்லையென்றால் இன்கிரிமென்ட் இல்லை என்பது பல கல்லூரிகளில் எழுதப்படாத சட்டம். சிலவற்றில் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியிலும், யாராவது ஒருவர் அந்தக் கட்டுரையைப் படித்துப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதவி உயர்வுக்கு வரும் ஃபைலைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கட்டுரையின் முதல் பக்க நகல், இதழின் அட்டை நகல், ஐஎஸ்எஸ்என் எண், அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இதழின் பெயர் இருக்கும் பக்கத்தின் பிரின்ட் அவுட், எல்லாவற்றிலும் முதல்வர் கையெழுத்தும் முத்திரையும். இரண்டாம் பக்கத்தை யாரும் கேட்பதில்லை. தேர்வுக் குழு இதழின் பெயரைச் சரிபார்க்கிறது, எண்ணிக்கையைக் கூட்டுகிறது, கையொப்பம் இடுகிறது. வெற்றுத்தாளில் முதல் பக்கத்தை மட்டும் அச்சடித்துக் கொண்டுவந்தாலும் அந்தக் கூட்டல் மாறாது.

ஒரு கட்டுரை இதழில் வெளியாவது என்றால் என்ன என்பதை இந்த இடத்தில் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. முறையான இதழுக்குக் கட்டுரையை அனுப்பினால் முதலில் இதழாசிரியர் படிப்பார். பொருந்தாது என்றால் அங்கேயே திருப்பிவிடுவார். பொருந்தினால் அதே துறையில் உழைத்த இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவார். அவர்கள் ஊதியம் வாங்காமல், தங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டு, வரிக்கு வரி கேள்வி கேட்டு எழுதி அனுப்புவார்கள். இந்தத் தரவு போதாது, அந்த முடிவு இதிலிருந்து வராது, உமக்கு முன்பே இன்னார் இதைச் சொல்லியிருக்கிறார், ஏன் குறிப்பிடவில்லை என்பார்கள். மனம் புண்படும். திருத்தி அனுப்பினால் மறுபடியும் கேட்பார்கள். பல மாதங்கள் ஆகும். கடைசியில் நிராகரிக்கவும் கூடும். ஆனால் அந்த மாதங்களில்தான் ஒரு ஸ்காலர் ஆய்வாளர் ஆகிறார். மூன்று நாளில் அக்செப்டன்ஸ் கடிதம் வாங்கியவருக்கு அந்தப் பயிற்சி வாழ்நாள் முழுக்கக் கிடைக்காது.

ராமானுஜனின் முதல் கட்டுரையே இதற்குச் சான்று. ராமானுஜன் போய்ப் பார்த்த, அப்போது திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயர், 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். அந்தக் கழகத்தின் இதழில்தான் 1911இல், பட்டமும் இல்லாத, நிலையான வேலையும் இல்லாத அந்த இளைஞரின் பெர்னூலி எண்கள் பற்றிய கட்டுரை வெளியானது. அது எழுதியபடியே அச்சேறிவிடவில்லை. ராமானுஜன் படிகளைத் தாவித் தாவி எழுதுவார். எப்படி வந்தது என்று சொல்லமாட்டார். இதழின் ஆசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார் பெங்களூரில் உட்கார்ந்து அதைப் படித்து, விளங்காத இடங்களைக் குறித்துத் திருப்பி அனுப்பினார். ராமானுஜன் திருத்தி அனுப்பினார். மறுபடியும் திரும்பி வந்தது. இப்படிப் பலமுறை போய்வந்த பிறகுதான் அச்சானது. கேம்பிரிட்ஜில் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போனது அதற்கு அப்புறம், 1913 ஜனவரியில். ராமானுஜனிடம் ஒரு சூத்திரத்தை விளக்கி எழுதச் சொல்லி, விடாமல் கேட்டுக்கொண்டிருந்த முதல் இதழாசிரியர்களில் ஒருவர், யாருக்கும் பெரிதாகப் பெயர் தெரியாத ஒரு கல்லூரிக் கணித ஆசிரியர். இன்றைய புள்ளிக்கணக்கில் அவர் செய்த வேலைக்கு ஒரு மதிப்பெண்ணும் கிடையாது.

ராமனும் நம் நாட்டு இதழைத்தான் நம்பினார். வெளிநாட்டு இதழ்களில் எழுதிக்கொண்டிருந்தவர், 1926இல் கல்கத்தாவில் இந்திய இயற்பியல் இதழைத் தொடங்கினார். 1928 பிப்ரவரி 28 அன்று கண்ட ஒளிச்சிதறலைப் பற்றிய விரிவான கட்டுரை அந்த இதழில்தான் வந்தது. 1930இல் நோபல் பரிசு கிடைத்தது. வெளிநாட்டு நிறுவனத்தின் தரவுத்தளத்தில் இருப்பது மட்டுமே ஆய்வு என்று இன்று நம் பல்கலைக்கழகங்கள் எழுதிவைத்திருக்கும் விதியின்படி பார்த்தால், இரண்டே வயதான ஓர் இந்திய இதழை நம்பி அவர் தம் கண்டுபிடிப்பைக் கொடுத்தது எவ்வளவு பெரிய துணிவு என்று புரியும்.

தமிழாய்விலும் நமக்கு நல்ல முன்னோடிகள் உண்டு. பாளையங்கோட்டையில் நா. வானமாமலை 1969இல் ‘ஆராய்ச்சி’ என்ற காலாண்டிதழைத் தொடங்கினார். பல்கலைக்கழகப் பதவி எதுவும் அவருக்கு இல்லை. தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திப் பிழைத்தவர். அவருடைய நெல்லை ஆய்வுக் குழுவில் இளைஞர்கள் கட்டுரை படிப்பார்கள். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் விவாதிப்பார்கள். அங்கே உருவானவர்கள் பின்னாளில் நாட்டார் வழக்காற்றியலிலும் சமூக வரலாற்றிலும் பெயர் சொல்லும் ஆய்வாளர்களானார்கள்.

இன்று தமிழ்த்துறைகளில் நடப்பது என்ன? கல்லூரிக்குக் கல்லூரி பன்னாட்டுக் கருத்தரங்கம். அழைப்பிதழில் பதிவுக் கட்டணம், வங்கிக் கணக்கு எண், கட்டுரை நான்கு பக்கத்துக்கு மிகக் கூடாது என்ற குறிப்பு. நூற்றுக்கணக்கில் கட்டுரைகள் குவிகின்றன. அன்று காலை தொடக்க விழாவும் சிறப்புரையும் முடிய மதியம் ஆகிவிடும். பிற்பகலில் ஆறேழு வகுப்பறைகளில் ஒரே நேரத்தில் அமர்வுகள். ஒருவருக்கு ஐந்து நிமிடம். பெண்கள் பலர் கைக்குழந்தையோடு வெளியூரிலிருந்து பேருந்தில் வந்திருப்பார்கள். தலைப்பையும் முடிவுரையையும் வாசித்துவிட்டுச் சான்றிதழுக்காக வரிசையில் நிற்பார்கள். கட்டுரைகள் ஐஎஸ்பிஎன் எண்ணோடு கனமான தொகுதிகளாக வரும். தொகுப்பாசிரியர்களும் அவற்றை முழுக்கப் படித்திருக்க நேரம் இருந்திருக்காது. சங்க இலக்கியத்தில் நீர் மேலாண்மை என்ற தலைப்பில் மட்டும் இப்படி எத்தனை நான்கு பக்கக் கட்டுரைகள் தமிழில் இருக்கும்? முந்தைய கட்டுரையைப் படிக்காமல் எழுதிய அடுத்த கட்டுரைகள் அவை. அவற்றை எழுதும் மாணவரைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவரிடம் கேட்டது சான்றிதழ். அவர் சான்றிதழ் கொண்டுவந்தார்.

பட்டியல் போட்டுத் தரத்தைக் காப்பாற்றலாம் என்று யுஜிசி முயன்று பார்த்தது. 2017இல் அது வெளியிட்ட பட்டியலில் 38,000க்கும் மேற்பட்ட இதழ்கள் இருந்தன. பல்கலைக்கழகங்களே பரிந்துரைத்துச் சேர்த்த இதழ்களில் ஒரு பகுதியைப் புனே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்து ஆராய்ந்தார்கள். 2018இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் அவர்கள் வெளியிட்ட முடிவு: ஆராய்ந்தவற்றில் சுமார் 88 விழுக்காடு தரமற்றவை. அந்த ஆண்டு மே மாதம் 4,305 இதழ்களை யுஜிசி ஒரே நாளில் நீக்கியது. 2019இல் அந்தப் பட்டியலுக்குப் பதிலாக யுஜிசியின் கேர் பட்டியல் வந்தது. அதில் இடம்பிடித்த நல்ல இதழ்களின் பெயரிலேயே போலி இணையதளங்கள் முளைத்தன. அதே பெயர், அதே ஐஎஸ்எஸ்என் எண். பணம் மட்டும் வேறொருவர் கணக்குக்குப் போகும். ஆண்டுக்கணக்கில் கடன் வாங்கி இதழ் நடத்திய சிற்றிதழாளர்கள் தங்கள் இதழின் பெயரில் யாரோ வசூல் செய்வதைக் கண்டு திகைத்தார்கள். கடைசியில் 2025 பிப்ரவரியில் கேர் பட்டியலையே யுஜிசி கைவிட்டது. இதழ்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இப்போது அந்தந்தக் கல்வி நிறுவனத்துக்கு.

அபாயம் முற்றியிருப்பது இங்கேதான். பட்டியல் போய்விட்டது, எண்ணிக்கை போகவில்லை. ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை கட்டாயம் என்ற விதியை யுஜிசி 2022 நவம்பரில் நீக்கிவிட்டது. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நல்லதைச் சல்லடை போட்டு எடுக்கும் ஆட்கள் அவர்களிடம் இல்லை. எனவே ஸ்கோபஸில் இருந்தால் போதும் என்று சுருக்குவழி தேடுகிறார்கள். அந்த ஒற்றைச் சொல்தான் வாட்ஸ்அப் தரகரின் மூலதனம். தமிழாய்வுக்கு இது இன்னொரு வகையிலும் அடி. தமிழில் நடக்கும் ஆய்விதழ்களை அந்தத் தரவுத்தளத்தில் தேடிக் கண்டுபிடிப்பதே அரிது. தொல்காப்பியத்தில் ஆய்வு செய்தவர் அதைத் தமிழறிஞர்கள் படிக்கும் இதழில் வெளியிட்டால் கணக்கில் வராது. எங்கோ ஒரு மேலாண்மை இதழில் அரைகுறை ஆங்கிலத்தில் பணம் கொடுத்து வெளியிட்டால் கணக்கில் வரும்.

பெரிய நிறுவனத்தின் பெயர் இருந்தால் பாதுகாப்பு என்ற நம்பிக்கையும் பொய்த்துவிட்டது. ஐதராபாத்தில் இருந்து இயங்கிய ஓமிக்ஸ் நிறுவனம் கட்டணத்தை மறைத்ததாகவும், மதிப்பாய்வே இல்லாமல் வெளியிட்டதாகவும், சம்மதம் கேட்காமல் விஞ்ஞானிகளின் பெயர்களை ஆசிரியர் குழுவில் போட்டதாகவும் அமெரிக்க வணிக ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2019இல் அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலருக்கும் மேல் செலுத்த உத்தரவிட்டது. அதைக் கேட்டபோது இது நம் பகுதிச் சீர்கேடு என்று மேலை நாட்டவர்கள் நினைத்தார்கள். ஆனால் 200 ஆண்டுக்கு மேல் பழமையான வைலி நிறுவனம் 2021இல் விலைக்கு வாங்கிய ஹிந்தாவி இதழ்களில், விருந்தினர் ஆசிரியர் என்ற பெயரில் கட்டுரை ஆலைக்காரர்களே சிறப்பிதழ்களுக்குள் புகுந்துகொண்டு தங்கள் சரக்கைத் தாங்களே ஏற்றுக்கொண்டது பிறகு தெரியவந்தது. 2023ஆம் ஆண்டில் மட்டும் 8,000க்கும் அதிகமான ஹிந்தாவி கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அந்த வணிகப் பெயரையே வைலி கைவிட்டது. திரும்பப் பெறப்பட்டவற்றில் இந்திய முகவரியோடு இருந்தவை ஏராளம்.

2024 மார்ச்சில் எல்சேவியர் நிறுவனத்தின் ஓர் இதழில், பேட்டரி பற்றிய ஒரு கட்டுரையின் முதல் வரியே செயற்கை நுண்ணறிவுச் செயலி கொடுத்த பதிலின் தொடக்கமாக இருந்தது. இதோ உங்கள் தலைப்புக்கு ஓர் அறிமுகம் என்று அது சொன்னதை அழிக்காமல் அப்படியே விட்டிருந்தார்கள். எழுதியதாகச் சொல்லிக்கொண்டவர்கள் முதல் வரியைப் படிக்கவில்லை. மதிப்பாய்வாளர்கள் படிக்கவில்லை. இதழாசிரியர் படிக்கவில்லை. மெய்ப்புப் பார்த்தவரும் படிக்கவில்லை. முதல் வரிக்கே இந்தக் கதி என்றால், உள்ளே அட்டவணையில் இருக்கும் எண்களை யார் சரிபார்த்திருப்பார்கள்?

யாரும் படிக்காத கட்டுரையால் யாருக்கு என்ன கெடுதல் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபன் நகரத்தில் யோவாகிம் போல்ட் என்ற மயக்கவியல் மருத்துவர் இருந்தார். அறுவை சிகிச்சையிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் ரத்தக் குழாயில் ஏற்றும் ஒரு மாவுச்சத்துக் கரைசலைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளை உலகமே மேற்கோள் காட்டியது. 2010 முதல் அவருடைய மோசடி வெளியே வரத் தொடங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. 2013இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜாமா இதழில் வந்த ஆய்வு, அந்தக் கரைசல் பற்றிய எல்லாச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தது. போல்ட்டின் சோதனைகளை நீக்கிவிட்டுக் கணக்கிட்டபோது, தீவிர சிகிச்சை நோயாளிகளுக்கு அந்தக் கரைசல் சாவையும் சிறுநீரகச் செயலிழப்பையும் அதிகப்படுத்துவது தெரிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் அதன் விற்பனையையே நிறுத்திவைத்தது. ஒரு பொய்க் கட்டுரை ஃபைலோடு அலமாரிக்குப் போய்விடுவதில்லை. பல கட்டுரைகளைத் தொகுத்து முடிவெடுக்கும்போது அதுவும் ஒரு வாக்காகிறது. அந்த முடிவு மருத்துவமனை நடைமுறையாகிறது. பூச்சிமருந்து அளவு, பாலத்தின் கான்கிரீட் கலவை, சர்க்கரை நோய் மாத்திரை என எல்லாம் இப்படித்தான் முடிவாகின்றன.

இந்தியா இப்போது ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட அறிவியல், பொறியியல் கட்டுரைகளோடு உலகில் மூன்றாம் இடத்தில் இருக்கிறது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நாம் ஆய்வுக்குச் செலவிடுவது 0.64 விழுக்காடு. ஆய்வகத்துக்குக் கொடுக்காத பணத்தில் இத்தனை கட்டுரைகள் எப்படி முளைத்தன என்று டெல்லியில் ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை. மூன்றாம் இடம் என்று பெருமை பேசும் மேடைகளில், திரும்பப் பெறப்படும் கட்டுரைகளிலும் நாம் முன்வரிசையில் இருப்பதைச் சொல்வதில்லை. சென்னையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் இளநிலை மாணவர்கள் நான்கு மணி நேரத் தேர்வில் ஆளுக்கொரு கட்டுரை எழுதுவதையும், அவை கல்லூரியின் பிற கட்டுரைகளை மேற்கோள் காட்டி இதழ்களில் வெளிவருவதையும் 2023 ஜூனில் ‘சயின்ஸ்’ இதழ் விரிவாக எழுதியது. நியாயமாக அன்றே தரவரிசை முறையை நிறுத்திவைத்துப் பரிசீலித்திருக்க வேண்டும். திரும்பப் பெற்ற கட்டுரைகளுக்கு மதிப்பெண்ணைக் குறைப்பது பற்றி என்ஐஆர்எஃப் பேசத் தொடங்கியது 2025இல்தான்.

இதற்கெல்லாம் விலை கொடுப்பவர்கள் யார் என்று பார்த்தால் வயிறு எரிகிறது. மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அரசு உதவிபெறும் கல்லூரிகளிலும் ஆய்வு செய்யும் பெரும்பாலோருக்கு உதவித்தொகை கிடையாது. கௌரவ விரிவுரையாளராகவோ தனியார் பள்ளி ஆசிரியராகவோ வேலை பார்த்துக்கொண்டே ஆய்வேடு எழுதுகிறார்கள். வீட்டில் முதல் பட்டதாரிகள். ஐந்தாறு ஆண்டு உழைத்து முடித்த ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாமல், ஒரு கட்டுரைக்காகத் தடுக்கப்பட்டு நிற்கும்போது கைடோ சீனியரோ ஒரு எண்ணைக் கொடுக்கிறார். நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகிறார்கள். கட்டிய பிறகு அந்த இதழ் ஸ்கோபஸிலிருந்து டிஸ்கன்டினியூ ஆகிவிட்டது என்று செய்தி வரும். பணம் போயிற்று, கட்டுரை செல்லாது, வேறு இதழுக்கு அனுப்பவும் முடியாது. போலீசில் புகார் கொடுக்கப் போனால் நீ எதற்குப் பணம் கட்டினாய் என்ற கேள்விதான் முதலில் வரும். வசதியுள்ளவர் வெளியே சொல்லாமல் இன்னொன்று வாங்கிக்கொள்வார். இல்லாதவரின் ஆய்வு அங்கேயே நின்றுவிடும். நேர்மையாக எழுதி, நல்ல இதழுக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவரின் நிலை இன்னும் கொடுமை. அவர் காத்திருக்கும் காலத்தில், பக்கத்து இருக்கைக்காரர் வைவா முடித்து வேலைக்கே போய்விடுகிறார்.

காசு கேட்காத நல்ல இதழ்கள் இருக்கின்றன என்பதைக்கூட இவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. பெங்களூரின் இந்திய அறிவியல் அகாதெமி நடத்தும் இதழ்கள், 1932 முதல் வரும் ‘கரண்ட் சயின்ஸ்’, சமூக அறிவியலுக்கு மும்பையின் ‘எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி’ ஆகியவற்றில் கட்டுரை வெளியிடக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. கட்டணத்தை முதலில் பேசுகிற இதழையும், தொலைபேசியில் உறுதி கொடுக்கிற இதழையும் விலக்க வேண்டும் என்பது ஆய்வின் முதல் வாரத்திலேயே ஒவ்வொரு கைடும் சொல்லித்தர வேண்டிய பாடம். பல கைடுகள் சொல்வதில்லை. ஏனென்றால் ஸ்காலர் கொண்டுவரும் கட்டுரையில் தங்கள் பெயரும் ஏறுகிறது. அந்தப் பாடத்தைச் சொல்லாமல் விடுவது ஸ்காலர்களுக்குச் செய்யும் துரோகமாகும்.

மாற வேண்டியது எண்ணும் வழக்கம். முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஜெர்மன் ஆய்வு அறக்கட்டளை 2010லேயே, நிதி கேட்டு விண்ணப்பிப்பவர் தன்விவரத்தில் ஐந்து கட்டுரைகளுக்கு மேல் காட்டக் கூடாது என்று வரம்பு விதித்தது. ஐந்துதான் என்றால் குழு உட்கார்ந்து படிக்கும். கட்டுரைக்குப் பணப்பரிசு கொடுத்துக் கொடுத்துச் சந்தையை வளர்த்த சீனா, 2020 பிப்ரவரியில் அந்தப் பரிசுகளை நிறுத்தச் சொல்லி ஆணை பிறப்பித்தது. நம் மாநிலப் பல்கலைக்கழகங்களின் கல்விக் குழுக்கள் இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்பதை எடுத்துவிட்டு, ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் படிக்கிறார்களா என்பதைக் கட்டாயமாக்கினால் போதும். தேர்வாளர் அறிக்கை எல்லாம் ஒரே அச்சில் இரண்டு பத்தி வருவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த அறிக்கைகளைப் பொதுவில் வெளியிடட்டும். பதவி உயர்வுக்கு மூன்று கட்டுரைகளை மட்டும் வாங்கட்டும். குழுவில் இருப்பவர்கள் முன்கூட்டியே அவற்றைப் படித்துவந்து எழுதியவரிடம் கேள்வி கேட்கட்டும். எழுதாத கட்டுரையைப் பற்றி அரைமணி நேரம் பேச ஒருவராலும் முடியாது. காப்பியடித்த விழுக்காட்டைக் காட்டும் சிமிலாரிட்டி ரிப்போர்ட் இந்த வேலையைச் செய்யாது. விலைக்கு வாங்கிய கட்டுரைக்கு அதில் சுத்தமான மதிப்பெண் கிடைக்கும்.

வெளிநாட்டு இதழ்களைப் படிக்க ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டத்தில் மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாயை மத்திய அரசு ஒதுக்கியிருக்கிறது. படிக்க வழிசெய்தது நல்லதே. அதில் மிகச் சிறு பங்கையாவது இங்கே வெளிவரும் இதழ்களுக்குக் கொடுத்தால், முழுநேர ஆசிரியரையும் மெய்ப்பு பார்ப்பவரையும் அமர்த்தி, எழுதுபவரிடம் காசு வாங்காமல் நடத்த முடியும். தமிழாய்வுக்கு அப்படி நாலைந்து இதழ்கள் போதும். தமிழ் வளர்ச்சிக்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்கும் தமிழ்நாடு அரசுக்கு இது பெரிய செலவில்லை. தமிழ்ப் பல்கலைக்கழகமும் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் செம்மொழி நிறுவனமும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை இது. மதிப்பாய்வு செய்து கொடுப்பதைப் பேராசிரியரின் பணியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவும் வேண்டும்.

ஆசிரியர் பெயரை விற்பதையும் வாங்குவதையும் தேர்வில் ஆள்மாறாட்டம் செய்வதற்கு இணையான குற்றமாக்கிச் சட்டம் வர வேண்டும். விற்பவரை விட்டுவிட்டு வாங்கிய ஸ்காலரை மட்டும் பிடிப்பதாக அது இருந்துவிடக் கூடாது. அந்தச் சட்டம் வரும் முன், பல்கலைக்கழகங்கள் இந்தக் கல்வியாண்டிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நெருக்கடியில் பணம் கட்டிப் பெயர் போட்டுக்கொண்ட ஸ்காலர்களுக்கு ஓர் ஆறு மாதக் கெடு கொடுக்கட்டும். அதற்குள் அவர்கள் தாங்களாக முன்வந்து அந்தக் கட்டுரையிலிருந்து பெயரை விலக்கிக்கொள்ளலாம், பதிவு ரத்தாகாது, ஆய்வேடு அதன் தகுதியின்படி மட்டுமே மதிப்பிடப்படும் என்று பதிவாளர் கையொப்பத்தோடு சுற்றறிக்கை அனுப்பட்டும். யார் கட்டச் சொன்னது, யாருக்குக் கட்டினார்கள், எவ்வளவு கட்டினார்கள் என்ற விவரம் அப்போது வெளியே வரும். கைடுகளின் பெயர்களும் வரும் என்பதால் இதைத் தள்ளிப்போட எல்லா முயற்சியும் நடக்கும். துணைவேந்தர்கள் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.